காதல் இருக்கட்டும், பத்திரத்தில் யார் பெயர்?

பத்திரம் எழுத வந்து உட்காருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "யார் பேருக்கு எழுதணும்? அவங்க உங்களுக்கு என்ன வேணும்?" என்பதுதான். ஊர் வம்புக்காக இல்லை. முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம், பின்னால் வரப்போகும் வருமான வரி எல்லாமே அந்தப் பதிலைப் பொறுத்து மாறும். மகள் என்றால் ஒரு கணக்கு. "வேண்டியவங்க" என்று சொல்லிவிட்டு வாசலைப் பார்த்தால் இன்னொரு கணக்கு.

மதுரையில் நெடுங்காலமாகப் பத்திர எழுத்தர் வேலை பார்க்கிறேன். முன்பெல்லாம் இந்த 'வேண்டியவங்க' பத்திரம் அபூர்வமாகத்தான் வரும். வயதான ஒருவர், வீட்டுக்குத் தெரியாமல், இரண்டாவதாகச் சேர்ந்து வாழும் பெண்ணுக்கு ஏதாவது எழுதிவைக்க வருவார். இப்போது வருகிறவர்கள் வேறு. சென்னையில் ஒரே கம்பெனியில் வேலை பார்க்கும் பையனும் பெண்ணும், "கல்யாணம் அடுத்த வருஷம், அதுக்குள்ள பிளாட் விலை ஏறிடும்ண்ணே" என்று வருகிறார்கள். விவாகரத்து ஆனவர்கள் வருகிறார்கள். துணையை இழந்து, ஐம்பதை ஒட்டிய வயதில் புதுத் துணை கிடைத்தவர்கள் வருகிறார்கள். துபாயிலிருந்து பணம் அனுப்பி, காதலி பெயரில் மனை பதியச் சொல்லும் பையன்கள் போனிலேயே பேசி முடிக்கிறார்கள்.

இவர்களில் யாரையும் நான் குறை சொல்ல மாட்டேன். வயது வந்த இருவர் திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழ்வது குற்றமில்லை என்று நடிகை குஷ்பு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லிவிட்டது. ஆனால் குற்றமில்லை என்பது ஒன்று, உரிமை உண்டு என்பது வேறு. சொத்து என்று வந்துவிட்டால், எத்தனை வருஷம் பழகியிருந்தாலும் காதலர்களைச் சட்டம் முன்பின் தெரியாத இரண்டு பேராகத்தான் பார்க்கிறது. ஆகவே முன்பின் தெரியாதவரிடம் மனை வாங்கும்போது எவ்வளவு கவனம் எடுப்போமோ, அவ்வளவு கவனம் இங்கேயும் வேண்டும். இதில் சந்தேகப்புத்தி எதுவும் கிடையாது. இரண்டு பேருக்கும் அதுதான் நியாயம்.

ஒரே வீடு, இரண்டு கணக்கு

வழிகாட்டி மதிப்பில் 60 லட்சம் ரூபாய் பெறும் வீடு என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் கணவன் அதை மனைவிக்குத் தானசெட்டில்மென்டாக எழுதினால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணமும் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000 ரூபாய். ஐம்பதாயிரத்தோடு வேலை முடிந்தது. 2023 ஜூலையில் உச்சவரம்பை உயர்த்திய பிறகு உள்ள கணக்கு இது. அதே ஆள், அதே வீட்டை, நிச்சயம் முடிந்து கல்யாணத் தேதிக்குக் காத்திருக்கும் பெண்ணுக்கு எழுதினால் குடும்பச் சலுகை இல்லை. தீர்வை 7 சதவீதம், கட்டணம் 2 சதவீதம். மொத்தம் 5,40,000 ரூபாய்.

அதோடு போவதில்லை. வருமான வரிச் சட்டம் சொல்லும் 'உறவினர்' பட்டியலில் இல்லாத ஒருவரிடமிருந்து அசையாச் சொத்தை இலவசமாகப் பெற்று, அதன் முத்திரை மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால், அந்த மதிப்பு முழுவதும் பெற்றவரின் வருமானத்தில் சேரும். பட்டியலில் கணவன் உண்டு, மனைவி உண்டு, உடன்பிறந்தவர்கள் உண்டு. காதலன், காதலி இல்லை. திருமணத்தை ஒட்டி வரும் பரிசுக்கு விலக்கு இருக்கிறது. அதுவும் திருமணத்துக்குத்தான். ஆக, மாதம் 40,000 சம்பளம் வாங்கும் பெண் அந்த வருஷக் கணக்கில் 60 லட்சம் கூடுதலாகச் சம்பாதித்தவராகி, 30 சதவீத வரி அடுக்குக்குள் போய் நிற்பார். வீடு கைக்கு வரும். வரி கட்டப் பணம் எங்கிருந்து வரும்?

கல்யாணம் உறுதி என்று சொல்லும் ஜோடியிடம் நான் சொல்வது ஒன்றுதான்: "தாலி கட்டி, கல்யாணத்தைப் பதிவு பண்ணிட்டு வாங்க. மிச்சமாகிற பணத்துல கல்யாணச் செலவே முடிஞ்சிடும்." சிலர் சிரிப்பார்கள். சிலர் முகம் மாறும். அந்த முக மாற்றத்தைப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரும் கவனிக்க வேண்டும் என்பது என் ஆசை.

பரிசா, கடனா, பினாமியா?

வெளிநாட்டில் எலெக்ட்ரீஷியனாக இருந்த ஒரு தம்பி, காதலியின் கணக்குக்கு மாதாமாதம் பணம் அனுப்பி, புறவழிச்சாலை ஓரம் ஒரு மனையை அவள் பெயரில் கிரயம் பண்ணச் சொன்னான். "வந்ததும் வீடு கட்டுவோம்" என்பது இருவருக்கும் இடையிலான பேச்சு. இடையில் உறவு முறிந்தது. வங்கி அறிக்கையைக் கத்தையாக எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தான். "பணம் பூரா என்னோடது, இந்தா ஆதாரம். பத்திரத்தை என் பேருக்கு மாத்திக் கொடுங்கண்ணே."

அவனை ஒரு வக்கீலிடம் அனுப்பினேன். வக்கீல் அவனிடம் திருப்பிக் கேட்டது மூன்று கேள்விகள். பரிசாகக் கொடுத்தாயா? கடனாகக் கொடுத்தாயா? உனக்காக அவள் பெயரில் வாங்கினாயா?

பரிசு என்றால் கதை முடிந்தது. கொடுத்த பணத்தை மனம் மாறியதால் திரும்பக் கேட்க முடியாது. சொத்தையே தானமாக எழுதியிருந்தாலும் அப்படித்தான். 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 126-ஆம் பிரிவுப்படி, கொடுத்தவர் நினைத்தபோதெல்லாம் தானத்தை ரத்து செய்ய முடியாது. இன்ன சம்பவம் நடந்தால் தானம் செல்லாது என்று இருவரும் ஒப்பி, நிபந்தனையை முன்பே எழுதியிருக்க வேண்டும். மிரட்டியோ ஏமாற்றியோ எழுதி வாங்கியிருந்தால் நீதிமன்றம் போகலாம். ஆனால் அதைக் கொடுத்தவர்தான் நிரூபிக்க வேண்டும்.

கடன் என்றால் காகிதம் வேண்டும், காலமும் மிஞ்சியிருக்க வேண்டும். கைமாற்றுக் கடனுக்கு வழக்குப் போட மூன்று வருஷம். அதற்குள் எதிராளி கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருந்தாலோ, ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்து அதற்கு எழுத்து இருந்தாலோ காலம் மறுபடி ஓடத் தொடங்கும். காதலர்கள் மூன்று வருஷத்துக்குள் சண்டை போடுவதில்லை. ஐந்தாவது வருஷம்தான் போடுகிறார்கள்.

மூன்றாவது பதில்தான் ஆபத்து. "பணம் என்னுடையது, பெயர் மட்டும் அவளுடையது, அனுபவிக்கப்போவது நான்" என்று ஒருவர் சொன்னால், பினாமிப் பரிவர்த்தனை என்று சட்டம் சொல்வதை அவர் தன் வாயாலேயே சொல்லிவிட்டார். 1988-ல் வந்து, 2016 நவம்பர் 1 முதல் கடுமையாக்கப்பட்ட பினாமித் தடைச் சட்டம், கணக்கில் வந்த பணத்தில் மனைவி, கணவன், பிள்ளைகள் பெயரில் வாங்குவதற்கு விலக்குத் தருகிறது. உடன்பிறந்தவர், பெற்றோர் பெயரில் என்றால் ஆவணத்தில் கூட்டு உரிமையாளராகத் தன் பெயரும் இருக்க வேண்டும். காதலிக்கு விலக்கு எதுவும் இல்லை. பினாமிச் சொத்தை மீட்க வழக்கே போட முடியாது. சொத்து அரசுக்குப் பறிமுதல் ஆகலாம். ஓராண்டு முதல் ஏழாண்டு வரை கடுங்காவல், சந்தை மதிப்பில் 25 சதவீதம் வரை அபராதம். பெயர் கொடுத்தவருக்கும் அதே தண்டனைதான் என்பது பல பெண்களுக்குத் தெரியாது. "நான் சும்மா கையெழுத்துத்தானே போட்டேன்" என்பது அங்கே எடுபடாது.

அந்தத் தம்பி கடைசியில் சமரசத்துக்குப் போய்ப் பாதிப் பணத்தை வாங்கினான். அந்தப் பெண் நல்ல பெண் என்பதால் அதுவும் கிடைத்தது. சட்டப்படி அவள் கொடுக்காமலே இருந்திருக்கலாம்.

இரண்டு பேர் சேர்ந்து வாங்கும்போது

இருவர் பெயரிலும் வாங்குவது இதைவிட எவ்வளவோ மேல். அதிலும் ஒரு ஓட்டை உண்டு. கிரயப் பத்திரத்தில் 'இருவரும் சேர்ந்து' என்று மட்டும் எழுதிவிட்டு, யாருக்கு எத்தனை பங்கு என்பதை விட்டுவிடுவார்கள். சொத்து மாற்றுச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு சொல்வது இது: தனித்தனிப் பணத்தில் வாங்கியிருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில், கொடுத்த தொகையின் விகிதப்படி பங்கு. யார் எவ்வளவு கொடுத்தார் என்பதற்குச் சாட்சியம் இல்லையென்றால் சரிபாதி என்று கொள்ளப்படும். 45 லட்சம் போட்டவரும் 5 லட்சம் போட்டவரும் சமமாகிவிடலாம். நான் எழுதும் கூட்டுக் கிரயங்களில், பிரிபடாத பங்கு 70க்கு 30 என்றால் அதை அப்படியே எழுதி, யார் கணக்கிலிருந்து எந்தத் தேதியில் எவ்வளவு போனது, வங்கிப் பரிமாற்ற எண் என்ன என்பதையும் சேர்த்துவிடுவேன். பத்திரத்தில் இரண்டு வரி கூடும். பின்னால் இரண்டு வழக்கு குறையும்.

ரொக்கத்தில் அட்வான்ஸ் கொடுப்பதையும் விட்டுவிட வேண்டும். அசையாச் சொத்துக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கியவருக்கு அதே தொகை அபராதமாக வரலாம். நமக்கு அதைவிட முக்கியம், ரொக்கம் கொடுத்தவருக்குத் தன் பங்கைக் காட்ட ஒரு தடயமும் இருக்காது என்பதுதான்.

வீட்டுக் கடன் இன்னொரு சிக்கல். பெரும்பாலான வங்கிகள் கணவன் மனைவி, பெற்றோர் பிள்ளை போன்ற உறவைத்தான் கூட்டுக் கடனாளியாக ஏற்கின்றன. அதனால் ஜோடிகள் ஒரு குறுக்கு வழி பிடிக்கிறார்கள்: கடனும் பத்திரமும் ஒருவர் பெயரில், தவணையில் பாதி இன்னொருவர் ஜிபேயில் அனுப்புவது. பத்து வருஷம் பாதித் தவணை கட்டியவர், பத்திரத்தைப் பொறுத்தவரை வீட்டுக்கு யாரும் இல்லை. எதிர்த் தரப்பு, "அது வாடகையில் அவர் பங்கு" என்று ஒரு வரி சொன்னால் போதும். இதற்கு நேர்மாறும் நடக்கிறது. கூட்டுக் கடனாளியாகவோ ஜாமீன்தாரராகவோ கையெழுத்துப் போட்டவருக்கு வீட்டில் பங்கு இருக்காது, கடனில் மட்டும் முழுப் பொறுப்பு இருக்கும். பிரிந்து போன பிறகும் அவருடைய சிபில் மதிப்பெண்ணில் அந்தக் கடன் உட்கார்ந்திருக்கும்.

பிரிவு வந்தால் கூட்டுச் சொத்தை என்ன செய்வது? இரண்டு படுக்கையறை பிளாட்டை நடுவில் கோடு போட்டுப் பிரிக்க முடியாது. பாகப்பிரிவினை வழக்கு போட்டால், 1893-ஆம் வருஷத்துச் சட்டப்படி, பிரிக்க முடியாத சொத்தை விற்றுப் பணத்தைப் பங்கிடச் சொல்லி, பாதிக்குக் குறையாத பங்குள்ளவர் கேட்கலாம். நீதிமன்றம் நிர்ணயிக்கும் விலைக்கு மற்றவர் வாங்கிக்கொள்ள விரும்பலாம். இதெல்லாம் வருஷக் கணக்கில் இழுக்கும். அதற்குள் யார் வீட்டில் இருப்பது, யார் தவணை கட்டுவது என்று தினம் ஒரு பஞ்சாயத்து.

பவர் கொடுத்தால் போதாதா?

"பத்திரச் செலவு அதிகமா இருக்கு, பவர் மட்டும் எழுதிக்கலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. பொது அதிகாரப் பத்திரம் சொத்தை மாற்றாது. 2011-ல் உச்ச நீதிமன்றம் சூரஜ் லேம்ப் வழக்கில் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. சாதாரணமாக, எழுதிக் கொடுத்தவர் இறந்தால் அதிகாரமும் முடிந்துபோகும். உயிரோடு இருக்கும்போதே ரத்தும் செய்யலாம். குடும்பத்துக்கு வெளியே உள்ளவருக்குப் பவர் கொடுக்கத் தமிழ்நாட்டில் இப்போது சொத்தின் சந்தை மதிப்பில் 1 சதவீதம் கட்டணம் வேறு.

கொடுப்பவருக்கும் அபாயம் குறைவில்லை. விற்கும் அதிகாரத்தோடு பவர் கொடுத்துவிட்டு வெளியூர் போனால், உறவு கசந்த மறுவாரம் சொத்து மூன்றாமவர் கைக்குப் போயிருக்கும். வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கும்போதுதான் தெரியவரும். கையெழுத்துப் போட்ட வெற்று முத்திரைத்தாளும் அப்படித்தான். நோட்டரியிடம் 20 ரூபாய்த் தாளில் 'இந்த வீட்டில் பாதி அவளுக்கு' என்று எழுதி வாங்கி வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நூறு ரூபாய்க்கு மேற்பட்ட அசையாச் சொத்தில் உரிமை உண்டாக்கும் ஆவணம் பதிவாகாவிட்டால் அது உரிமை தராது. தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் விற்பனை உடன்படிக்கையையும் பதிவு செய்தே ஆக வேண்டும்.

ஒருவர் போய்விட்டால்

பிரிவைப் பற்றிப் பேசக் கூச்சப்படுகிறவர்கள் சாவைப் பற்றிப் பேசுவதே இல்லை. சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூனில் தீர்ப்பளித்த ஒரு வழக்கை அவர்களுக்குச் சொல்வேன். மனைவியும் பிள்ளைகளும் உள்ள ஒருவர், வழக்கப்படி விவாகரத்து ஆகிவிட்டது என்று சொல்லி, இன்னொரு பெண்ணோடு வாழ்ந்தார். அந்தப் பெண்ணுக்கு ஒரு வீட்டை செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தார். 2013-ல் அந்தப் பெண் இறந்தார். கொடுத்தவர் தானாகவே அந்தப் பத்திரத்தை ரத்து செய்தார். பெண்ணின் தந்தை வழக்குப் போட்டார். விவாகரத்து நிரூபணம் ஆகாததால் அவர்கள் வாழ்ந்தது திருமண வாழ்க்கை ஆகாது, அந்த மனிதர் அந்தப் பெண்ணின் வாரிசும் ஆகமாட்டார், வீடு தந்தைக்கே என்று தீர்ப்பானது. தன் வீட்டைத் தானே எழுதிக் கொடுத்து, தானே வாரிசும் இல்லாமல் போனார் அவர். செட்டில்மென்ட் பத்திரத்தில் தனக்கு ஆயுள்கால அனுபவ உரிமையை வைத்துக்கொண்டிருந்தால், அல்லது அந்தப் பெண் ஓர் உயில் எழுதியிருந்தால் கதையே வேறு.

இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் ஆணின் முதல் வரிசை வாரிசுகள் மனைவி, பிள்ளைகள், தாய் என்று போகும். திருமணமாகாத பெண்ணின் சொத்து தாய் தந்தையருக்குப் போகும். காதலுக்கு அந்த வரிசையில் எங்கேயும் இடமில்லை. 'நாமினியாகப் போட்டிருக்கேன்' என்பார்கள். நாமினி என்பவர் பணத்தை வாங்கி வாரிசுகளிடம் சேர்க்க வேண்டியவர்தான், உரிமையாளர் அல்ல என்பது நாற்பது வருஷத்துக்கு முன்பே எல்.ஐ.சி. பாலிசி வழக்கில் உச்ச நீதிமன்றம் முடிவு செய்த விஷயம்.

தீர்வு எளிது, செலவும் குறைவு: உயில். இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்துப் போட்டால் போதும், பதிவு கட்டாயமில்லை. காதலருக்கு எழுதும் உயிலைக் குடும்பத்தார் எதிர்ப்பார்கள் என்பதால் பதிவு செய்வது நல்லது. சொத்தைப் பெறப்போகிறவர் உயில் எழுதும் இடத்தில் முன்னின்று ஓடியாடக் கூடாது. நீதிமன்றம் முதலில் சந்தேகப்படுவது அதைத்தான். ஒரே பாலின ஜோடிகளுக்கு இது இன்னும் அவசரம். அவர்கள் திருமணம் செய்துகொள்ளும் உரிமையை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அவர்களுக்குக் காகிதத்தைத் தவிர வேறு காப்பு கிடையாது.

வீட்டில் மனைவி இருக்கும்போது

இந்தப் பகுதியை எழுதாமல் விட்டால் கட்டுரை பாதிதான். எங்கள் மேஜைக்கு வரும் காதல் பத்திரங்களில் கசப்பு மிகுந்தவை, ஒருவருக்கு ஏற்கெனவே குடும்பம் இருக்கும்போது எழுதப்படுபவை.

பத்திரம் யார் பேருக்கு எழுதப்படுகிறதோ, அந்தப் பெண்ணுக்குச் சட்டம் என்ன தரும்? கோவைக் குடும்பநல நீதிமன்றத்தில் தொடங்கிய ஒரு வழக்கில் 2010-ல் உச்ச நீதிமன்றம் ஓர் அளவுகோல் சொன்னது. 'திருமணத்தை ஒத்த உறவு' என்றால் இருவரும் திருமணத்துக்குத் தகுதியானவர்களாக இருக்க வேண்டும், ஊருக்குக் கணவன் மனைவியாகத் தெரிந்திருக்க வேண்டும், கணிசமான காலம் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். அப்படியிருந்தால் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி குடியிருக்கும் உரிமையும் ஜீவனாம்சமும் கேட்கலாம். வீட்டின் உரிமை அப்போதும் வராது. 2013-ல் பெங்களூரிலிருந்து போன வழக்கு இன்னும் கடுமை. 1992 முதல் சேர்ந்து வாழ்ந்த பெண்ணுக்குக் கீழ் நீதிமன்றம் மாதம் 18,000 ரூபாய் கொடுக்கச் சொல்லியிருந்தது. ஆணுக்கு மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருப்பது தெரிந்தே வாழ்ந்தார் என்பதால் உச்ச நீதிமன்றம் அதையும் மறுத்தது.

கொடுப்பவர் கையும் கட்டப்பட்டிருக்கிறது. வருங்காலத்தில் சேர்ந்து வாழ்வதற்குப் பிரதிபலனாகச் சொத்து என்று ஒப்பந்தம் போட்டால், ஒழுக்கத்துக்கு விரோதமான பிரதிபலன் என்று ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவில் அது அடிபடும். கடந்த காலத்து அன்புக்காகத் தானமாகக் கொடுத்தால் அது வேறு. அறுபதுகளில் ஆந்திராவிலிருந்து போன ஒரு வழக்கில், முன்பு சேர்ந்து வாழ்ந்தது தானத்துக்கு ஒரு தூண்டுதல்தான், விலை அல்ல என்றது உச்ச நீதிமன்றம். ஆனாலும் அந்தத் தானம் நிற்கவில்லை. கொடுத்தது கூட்டுக் குடும்பச் சொத்து. குடும்பத் தலைவருக்கு அதைத் தூக்கிக் கொடுக்க அதிகாரம் இல்லை.

மனைவி மக்களுக்குச் சொத்து வருமானத்திலிருந்து ஜீவனாம்ச உரிமை இருந்தால், சொத்து மாற்றுச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு அவர்கள் பக்கம் நிற்கும். இலவசமாகச் சொத்தைப் பெற்றவரைத் தேடிப்போய் அந்த உரிமையைக் கேட்கலாம். வாங்கியவர் நிம்மதியாக இருக்க முடியாது என்பதற்குச் சட்டமே ஏற்பாடு செய்துவைத்திருக்கிறது.

சட்டத்தைத் தாண்டி ஒன்று சொல்கிறேன். குடும்பம் குடியிருக்கும் ஒரே வீட்டை, பிள்ளைகளின் படிப்புக்கு என்று இருக்கும் மனையை இப்படி எழுதித் தர வருகிறவர்களை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். வேறு எழுத்தரிடம் போய் எழுதியிருப்பார்கள், தெரியும். சட்டப்படி அது அவர் சுயசம்பாத்தியமாக இருக்கலாம். அந்த வீட்டின் தவணைக்காக நகையை அடகு வைத்தவளுக்குத் தெரியாமல் அதை எழுதுவது நியாயமில்லை.

நியாயம் என்றால் என்ன?

சட்டம் போக, என் அனுபவத்தில் மூன்று விஷயங்களைப் பார்ப்பேன்.

முதலாவது, யாருக்கு அவசரம்? "இன்னைக்கே பதியணும், டோக்கன் போட்டாச்சு" என்று ஒருவர் சொல்ல, மற்றவர் பேசாமல் உட்கார்ந்திருந்தால் நான் பேனாவை வைத்துவிடுவேன். 'உண்மையாவே அன்பு இருந்தா எழுதிக் கொடு', 'எழுதிக் கொடுத்தாத்தான் கல்யாணம்' என்பவை காதல் பேச்சு அல்ல. ஒருவர் மனத்தை ஆட்டுவிக்கும் நிலையில் இருப்பவர் அதைப் பயன்படுத்திப் பெற்ற ஒப்பந்தத்தை நீதிமன்றம் ரத்து செய்யலாம். சார்பதிவாளர் இதையெல்லாம் விசாரிக்க மாட்டார். ஆள் அடையாளம், கைரேகை, புகைப்படம், சாட்சி சரியாக இருந்தால் பதிவு நடக்கும். விசாரிக்க வேண்டியது நம் மனசாட்சி.

இரண்டாவது, இருவருக்கும் ஒரே வக்கீலா? பணம் போடுகிறவர் கூட்டிவரும் வக்கீல், பணம் போடாதவரின் நலனைப் பார்ப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. இருவரும் தனித்தனியாக ஒரு மணி நேரம் ஆலோசனை கேட்டுவிட்டு வந்தால் பிறகு 'எனக்குத் தெரியாது' என்ற பேச்சுக்கே இடமில்லை.

மூன்றாவது, மூன்றாமவர் யாராவது ஏமாறுகிறாரா? வெளிநாட்டில் இருக்கும் நண்பரின் பவரை வைத்திருந்த ஒருவர், அந்த மனையைத் தன் காதலிக்கே, வெளி விலையைவிடக் குறைத்து விற்க ஏற்பாடு செய்தார். காகிதத்தில் எல்லாம் சரி. 'வாங்குவது என் காதலி' என்று நண்பரிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். பதில் இல்லை. ரியல் எஸ்டேட் தரகர், வங்கி மதிப்பீட்டாளர், வீட்டுச் சங்கச் செயலாளர் யாராக இருந்தாலும் சரி, தன் துணை சம்பந்தப்பட்ட வியாபாரத்தை எதிர்த் தரப்பிடம் முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும். சொல்லக் கூச்சமாக இருக்கிறது என்றால் அந்த வியாபாரத்தில் ஏதோ கோளாறு இருக்கிறது.

செய்ய வேண்டியவை

கல்யாணம் நெருங்கிவிட்டால் காத்திருங்கள். காத்திருக்க முடியாவிட்டால் இருவர் பெயரிலும், பங்கைக் குறிப்பிட்டு வாங்குங்கள். பணம் முழுக்க வங்கி வழியாகப் போகட்டும். ஒருவர் பெயரில் வாங்க மற்றவர் உதவுகிறார் என்றால், அது கடனா பரிசா என்பதை அன்றைக்கே எழுதுங்கள். கடன் என்றால் புரோநோட்டு, தேதி, கையெழுத்து. மூன்று வருஷம் முடிவதற்குள் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

கூட்டுச் சொத்துக்குத் தனியாக ஓர் உடன்படிக்கை போடுங்கள். தவணை யார் எவ்வளவு, வேலை போனால் என்ன செய்வது, பிரிந்தால் யாருக்கு முதல் வாங்கும் உரிமை, விலையை யார் மதிப்பிடுவது, எத்தனை மாதத்துக்குள் பணத்தைக் கொடுக்க வேண்டும் என்பவை அதில் இருக்கட்டும். பட்டாவை இருவர் பெயரிலும் மாற்றுங்கள். மூலப் பத்திரத்தின் சான்றிட்ட நகல் இருவரிடமும் இருக்கட்டும். ஆளுக்கொரு உயில் எழுதுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். இணையத்திலேயே பார்க்கலாம்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, "இப்படியெல்லாம் எழுதினா அப்புறம் லவ் எங்கண்ணே இருக்கும்?" என்று ஒரு பெண் கேட்டாள். பக்கத்தில் இருந்த பையன், "எழுதலாம்மா, எனக்கும் அதுதான் நல்லது" என்றான். அப்படிச் சொல்லும் ஆள் பக்கத்தில் இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. காகிதம் வேண்டாம் என்று ஒருவர் மட்டும் பிடிவாதம் பிடித்தால், பெரும்பாலும் காகிதம் இல்லாததால் லாபம் அவருக்குத்தான்.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முந்தின நாள் இருவரும் உட்கார்ந்து இரண்டு கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள்: நாளைக்கே பிரிந்தால் இந்தச் சொத்து யாருக்கு? நாளைக்கே ஒருவர் இறந்தால் யாருக்கு? இரண்டு பேரும் ஒரே பதிலை எழுதாதவரை பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.